அந்தப் பக்கம் இருப்பது யார்? மலையகத்தில் சமூக ஊடகத்தைப் புதிதாகத் தொடங்குவோருக்கு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடை நடத்துகிறேன். போட்டோப் பிரதி, ரீலோட், வேலை விண்ணப்பம் என்று தொடங்கிய கடை இது. இப்போது பாதி நேரம் வேறு வேலையில் போகிறது. "பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து தாருங்கள்", "வட்ஸ்அப்பில் வியாபாரம் செய்வது எப்படி?", "தமிழ்நாட்டில், கூடலூரில் இருக்கும் பெரியம்மாவைத் தேடிப் பார்க்க முடியுமா?" என்று கேட்டு மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். வரும்போதே மனதில் கொண்டுவரும் தவறான எண்ணங்களை மாற்றத்தான் நேரம் எடுக்கிறது. அந்த எண்ணங்களால் பணத்தை இழந்தவர்களையும் மனம் உடைந்தவர்களையும் என் கடை வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தவறான எண்ணங்கள் பல. அவற்றின் வேரைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான்: திரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்று நினைத்துப் பார்க்காமல் இருப்பது. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

1. சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

"கணக்கு என் போனில் இருக்கிறது, ஆகவே அது என்னுடையது" என்று நினைக்கிறோம். வட்ஸ்அப் கணக்கு போனில் இல்லை, இலக்கத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ பெண்கள் கணவர் பெயரிலோ தம்பி பெயரிலோ எடுத்த சிம்மில்தான் பேசுகிறார்கள். அந்த சிம் தொலைந்தால், யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையோடு வந்தால்தான் அதே இலக்கத்தை மீண்டும் எடுக்கலாம். தம்பி கட்டாரில் இருந்தால் என்ன செய்வது? நெடுநாள் ரீலோட் போடாமல் விட்ட இலக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடவும் கூடும். அப்போது உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் செய்தி அவருக்குப் போகும்.

ஆகவே வேறு எதையும் தொடங்குமுன் உங்கள் அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனக் கிளைக்குப் போய் இலக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்ததாக வட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு, இரு படிச் சரிபார்ப்பு என்ற வழியில் போய் ஆறு எண்கள் கொண்ட இரகசிய எண்ணை வையுங்கள். பிறந்த ஆண்டு வேண்டாம். வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் திருட்டு இதுதான். தெரிந்தவரின் பெயரிலிருந்தே ஒரு செய்தி வரும்: "தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அதை அனுப்பிவிடுங்கள்." அனுப்பிய நிமிடமே உங்கள் கணக்கு திருடன் கையில். அதன் பிறகு உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, உங்கள் சொந்தக்காரர்களிடம் அவசரமாகப் பத்தாயிரம் ரூபாய் கேட்பான். செய்தி அனுப்பியவர் உங்கள் அக்காவாகவே இருந்தாலும், அவருக்கு ஒரு அழைப்பு எடுத்துக் குரலைக் கேளுங்கள். குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். கணக்கு பறிபோய்விட்டால் இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைத்து உதவி கேட்கலாம்.

2. எல்லா இடத்திலும் இருக்க வேண்டியதில்லை

பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், யூடியூப் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்து தரச் சொல்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நான்கும் தூங்குகின்றன. வாங்கப்போகிறவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஓரிடத்தைப் பிடித்தால் போதும். தையல், கேக், முறுக்கு, முச்சக்கர வண்டி, டியூஷன் வகுப்பு என்றால் வாடிக்கையாளர் பக்கத்து ஊரார். அவர்களிடம் வட்ஸ்அப் இருக்கிறது. எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா பக்கத்தில் வீட்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறீர்கள் என்றால் படம் பேசும் இன்ஸ்டகிராமும், கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தின் பதிவும் உதவும். ஒன்றை ஆறு மாதம் ஒழுங்காக நடத்துங்கள். மற்றவற்றை அதன் பிறகு பார்க்கலாம்.

3. சொந்தக் கணக்கும் கடைக் கணக்கும்

மகளின் பிறந்தநாள் படம், கோயில் திருவிழா, கேக் விலை, அரசியல் கோபம் எல்லாம் ஒரே பேஸ்புக் கணக்கில் இருக்கும். "என்னைத் தெரிந்தவர்கள்தானே பார்க்கிறார்கள்" என்பார்கள். ஒரு கேக் வாங்க வந்த முகம் தெரியாதவரும் அதையெல்லாம் பார்க்கிறார். உங்கள் பிள்ளையின் பாடசாலைச் சீருடையையும் பார்க்கிறார்.

தனிப்பட்ட கணக்கை முழுக்க வியாபாரத்துக்கு நடத்துவதை பேஸ்புக்கின் விதிகளும் ஏற்பதில்லை. நண்பர்கள் எண்ணிக்கையும் 5000 உடன் நின்றுவிடும். வியாபாரத்துக்கு என்று பேஸ்புக் பக்கம் ஒன்றைத் தனியாகத் திறக்கலாம். அதற்குக் காசு இல்லை. நம்பிக்கையான இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்த்துவிடுங்கள். உங்கள் கணக்கு பூட்டப்பட்டால் பக்கமாவது மிஞ்சும்.

வட்ஸ்அப்பில் 2018 ஆம் ஆண்டு முதல் வட்ஸ்அப் பிஸ்னஸ் என்ற தனிச் செயலி இருக்கிறது. அதுவும் இலவசம். கடை நேரம், முகவரி, விலையோடு கூடிய பொருள் பட்டியல் எல்லாவற்றையும் அதில் வைக்கலாம். ஒரே இலக்கத்தைச் சாதாரண வட்ஸ்அப்பிலும் பிஸ்னஸ் வட்ஸ்அப்பிலும் ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியாது. இரண்டு சிம் போடும் போன் இருந்தால் வியாபாரத்துக்கு இரண்டாவது இலக்கத்தை ஒதுக்குங்கள்.

4. நானூறு லைக்கும் ஓர் ஓர்டரும்

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். மலையகத்தில் புதிதாகத் தொடங்கும் பத்துப் பேரில் எட்டுப் பேராவது இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள் என்பது என் அனுபவம்.

நோர்வூட் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். சேலை ஜாக்கெட் தைப்பதில் நல்ல கை. கழுத்தில் மணி வைத்துத் தைத்த சிவப்பு ஜாக்கெட் ஒன்றைப் படமெடுத்து பேஸ்புக்கில் போட்டிருந்தார். நானூற்றுக்கும் மேல் லைக். இரண்டு வாரத்தில் ஓர் ஓர்டர்கூட வரவில்லை. "என் தையல் சரியில்லையா, தம்பி?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது.

கடையில் உட்கார்ந்து லைக் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நடிகர்களின் ரசிகர் கணக்குகள், தமிழ்நாட்டில் இருப்பவர்கள், வளைகுடாவில் வேலை செய்யும் ஆண்கள், படமே இல்லாத கணக்குகள். ஹட்டனுக்கு ஒரே பஸ்ஸில் வந்து அளவு கொடுக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினோம். பதினொரு பேர். அந்தப் பதினொருவரில் மூன்று பேர் அவருடைய சொந்தத் தங்கைகள்.

பிறகு அவருடைய அளவுக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று ஆண்டுகளாகத் தைத்துக் கொடுத்தவர்களின் பெயர், மார்பளவு, கைநீளம், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவர் பெயரையும் போனில் சேமித்தோம். பெயர் சொல்லி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினோம்: "வணக்கம் அக்கா, போன தீபாவளிக்கு உங்களுக்குப் பச்சை ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். இந்த முறை இப்படி ஒரு கழுத்து தைக்கிறேன். தைகூலி இவ்வளவு. 20 ஆம் திகதிக்குள் துணி தந்தால் தீபாவளிக்கு முன் முடித்துத் தருவேன்." இரண்டு நாளில் ஆறு பேர் பதில் எழுதினார்கள். அதில் நான்கு பேர் துணியோடு வந்தார்கள். ஒருவர் தன் நாத்தனாரையும் கூட்டிவந்தார்.

லைக் என்பது கடந்து போகும்போது தலையசைப்பது. அது தப்பில்லை. வாங்கப்போகிறவர் கேட்கும் கேள்விகளோ வேறு விதமானவை: "எப்போது கிடைக்கும்?", "பெரிய அளவு இருக்கிறதா?", "கொட்டகலைக்கு அனுப்புவீர்களா?" ஒரு வாரத்தில் எத்தனை பேர் இப்படிக் கேட்டார்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். உங்கள் வியாபாரம் வளர்கிறதா இல்லையா என்பதை அந்த எண் சொல்லும்.

காசு கொடுத்து லைக் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். பின்தொடர்பவர்கள் எல்லோருக்கும் உங்கள் பதிவை பேஸ்புக் காட்டுவதில்லை. முதலில் சிலருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா, பதில் எழுதுகிறார்களா என்று கவனித்துத்தான் மேலும் காட்டுகிறது. பொய்க் கணக்குகள் நின்று பார்ப்பதும் இல்லை, பதில் எழுதுவதும் இல்லை. ஆகவே வாங்கிய லைக் உங்கள் உண்மையான வாடிக்கையாளரிடமிருந்தே உங்களை மறைத்துவிடும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் பேஸ்புக்கிலேயே விளம்பரம் கொடுங்கள். ஹட்டனைச் சுற்றி இத்தனை கிலோமீற்றருக்குள், இந்த வயதுப் பெண்களுக்கு என்று வரையறுக்க முடியும். சிறு தொகையில் மூன்று நாள் பாருங்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால் நிறுத்திவிட்டுப் படத்தை மாற்றுங்கள்.

வட்ஸ்அப்பில் ஒரே செய்தியை 256 பேர் வரை ஒரு பட்டியலாக அனுப்பலாம். உங்கள் இலக்கத்தைத் தம் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இது பலருக்குத் தெரிவதில்லை. "அனுப்பினேன், ஒருவரும் பார்க்கவில்லை" என்று வருத்தப்படுகிறார்கள். துணி கொடுக்க வருகிறவரிடம் "அக்கா, என் இலக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

5. பதிவை எழுதும் முறை

விலையைப் போடுங்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்" என்று எழுதினால் மர்மம் கூடும், ஆட்கள் கூடுவார்கள் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நாட்சம்பளத்தை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்துப் பெண் விலை தெரியாத இடத்தில் கேட்கவே தயங்குவார். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது அவருக்குச் சங்கடம். விலை, கிடைக்கும் இடம், எத்தனை நாளில் கிடைக்கும், பேசும் இலக்கம் ஆகிய நான்கும் படத்துக்குக் கீழே இருக்கட்டும்.

படம் உங்களுடையதாக இருக்கட்டும். கூகுளில் எடுத்த கேக் படத்தைப் போட்டுவிட்டு வேறு கேக்கைக் கொடுத்தால், அந்தச் செய்தி உங்கள் பதிவைவிட வேகமாகத் தோட்டம் முழுவதும் போகும். நல்ல கமரா தேவையில்லை. காலை வெயிலில், வாசல் பக்கமாக, வெள்ளைத் துணி விரித்து எடுத்தால் போதும். எங்கள் பக்கத்தில் மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிடும், நிறம் மங்கிவிடும்.

தேயிலைத் தூள் பொதி செய்து விற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வாள் ஏந்திய சிங்கம் போட்ட சிலோன் டீ இலச்சினையை இணையத்திலிருந்து எடுத்து உங்கள் பொதியிலோ பக்கத்திலோ ஒட்டாதீர்கள். அது இலங்கைத் தேயிலைச் சபைக்கு உரியது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்து, சபையின் தரத்தை எட்டி, அனுமதியும் பெற்றவர்களுக்கே அதைப் பயன்படுத்தும் உரிமை உண்டு. இந்தத் தேயிலையை வளர்த்த கை நம்முடையது என்ற நியாயமான பெருமையில்தான் பலர் அதை ஒட்டுகிறார்கள். சட்டம் அதைக் கேட்காது. உணவுப் பொருள் விற்கிறீர்கள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு முறை பேசுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். பதிந்த சான்றிதழ் இருந்தால் வங்கியிலும் வியாபாரத்தின் பெயரில் கணக்குத் திறக்கலாம்.

மொழியைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் போட்டால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். தமிழில் எழுதுங்கள், கீழே இரண்டு வரி சிங்களத்திலும் எழுதுங்கள். நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் உங்கள் கேக்கை வாங்கப்போகிறவர் சிங்களம் பேசுபவராகவும் இருப்பார். எழுதத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரிடம் கேட்டு வாங்குங்கள். கருவி மொழிபெயர்த்துத் தருவதைப் படித்துப் பார்க்க ஆளில்லாமல் போடாதீர்கள்.

நேரமும் முக்கியம். காலை பத்து மணிக்குப் போட்டால், கொழுந்து மலையில் நிற்கும் பெண் எப்படிப் பார்ப்பார்? பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உட்காரும் இரவு ஏழரை, எட்டு மணி நல்ல நேரம். தோட்டங்களில் சம்பளம் 10 ஆம் திகதியை ஒட்டிக் கிடைக்கிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே உங்கள் பதிவு கண்ணில் பட வேண்டும்.

6. பணமும் பொதியும்

வங்கியில் பணம் போட்ட சீட்டின் படம் வந்துவிட்டது, ஆகவே பணம் வந்துவிட்டது என்று நினைத்துப் பொருளை அனுப்புகிறார்கள். சீட்டின் படத்தைப் போனிலேயே மாற்றிவிட முடியும். வங்கியிலிருந்து வருவதுபோல் குறுஞ்செய்தியையும் போலியாக அனுப்ப முடியும். உங்கள் கணக்கில் மீதியைப் பார்த்த பிறகே பொதியைக் கட்டுங்கள். வங்கிக்கு வங்கி இணையத்தில் அனுப்பும் பணம் பெரும்பாலும் உடனே வந்துவிடும். "நாளைக்குத்தான் காட்டும், இன்றைக்கே அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துகிறவருக்கு, நாளைக்கே அனுப்புகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

பொதி அனுப்புவதில் எங்களுக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவு, கடைசியில் தோட்ட அலுவலகம் என்று முடிந்துவிடும். கூரியர் பையன் நகரத்தில் நின்று அழைப்பான். அந்த நேரம் சிக்னல் இருக்காது. பொதி திரும்பிப் போய்விடும், திரும்பிய கூலி உங்கள் தலையில். நான் எல்லோருக்கும் சொல்வது, நகரத்தில் ஓர் இடத்தைப் பெற்றுக்கொள்ளும் இடமாக ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான். தெரிந்த கடை, தபால் நிலையம், பஸ் தரிப்பிடம் ஏதாவது ஒன்று. வாங்குபவரிடம் இரண்டு தொலைபேசி இலக்கம் கேளுங்கள். பொருள் கையில் கிடைக்கும்போது பணம் வாங்கும் சேவை தபால் திணைக்களத்திலும் இருக்கிறது. முதல் முறை வாங்குகிறவருக்கும் அது நிம்மதி.

நீங்கள் வாங்கும் பக்கத்தில் இருந்து ஏமாந்தால், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம். உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

7. கொப்பியை விடாதீர்கள்

ஓராயிரம் பேர் பின்தொடரும் பக்கம் இருக்கும்போது கொப்பி எதற்கு என்று கேட்கிறார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை மூண்டபோது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவற்றைச் சில நாள்களுக்கு முடக்கியது. வெறுப்புச் செய்திகள் அவற்றின் வழியே பரவியதுதான் காரணம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னும், 2022 ஏப்ரலிலும் மீண்டும் முடக்கம் வந்தது. 2021 ஒக்டோபர் 4 அன்று யாரும் முடக்காமலே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. அந்த நாள்களில் ஓர்டரை முடித்துக் கொடுத்தவர்கள், வாடிக்கையாளரின் இலக்கத்தைக் காகிதத்தில் வைத்திருந்து சாதாரண அழைப்பு எடுத்தவர்கள்தான். பெயர், இலக்கம், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார் என்று ஞாயிறு இரவில் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதி வையுங்கள்.

8. குடும்பக் குழு, தோட்டக் குழு

இங்கிருந்து வியாபாரத்தை விட்டு உறவுக்கு வருகிறேன். கொழும்பில் கடை வேலை, வளைகுடாவில் வீட்டு வேலை என்று வீட்டுக்கு ஒருவராவது வெளியே இருக்கும் ஊர் எங்களுடையது. குடும்பக் குழுவில் காலையில் பூப் படம் போட்டுக்கொண்டிருந்தால் உறவு ஓடும் என்று நினைத்துவிடுகிறோம். குவைத்தில் இருக்கும் ஒரு தாய் விடுமுறையில் வந்தபோது என்னிடம் சொன்னார்: "எல்லோரும் படம் அனுப்புகிறார்கள் தம்பி, என் மகன் சோறு சாப்பிட்டானா என்று ஒருவரும் எழுதுவதில்லை." அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நிமிடக் குரல் பதிவு. இன்று மழையா, அப்பாவின் கால்வலி எப்படி, பரீட்சையில் என்ன புள்ளி. டேட்டாவும் அதிகம் போகாது, சிக்னல் வரும்போது போய்ச் சேரும். அவர் இரவு வேலை முடிந்து படுக்கையில் கேட்பார், இரண்டாம் முறையும் கேட்பார்.

குழுவுக்குள் போட்டது குழுவுக்குள்ளேயே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒருவர் திரையைப் படமெடுத்து வெளியே அனுப்பினால் முடிந்தது. குடும்பச் சண்டை, பெண் பார்த்த விஷயம், பிள்ளையின் படம், அடையாள அட்டைப் படம் எதுவாக இருந்தாலும், குழுவில் இருக்கும் எல்லோரும் அதை அறியலாமா என்று பார்த்துப் போடுங்கள்.

மழைக்காலத்தில் இன்னும் கவனம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலையும் மறக்கவில்லை. பயம் உண்மையானது என்பதால்தான் வதந்தியும் வேகமாக ஓடுகிறது. பழைய சரிவின் படத்தை இன்றைய படம் என்று அனுப்பினால், தப்பியோட வேண்டிய இடத்தில் இருப்பவர் பேசாமல் இருந்துவிடலாம், பாதுகாப்பாக இருப்பவர் இரவில் ஓடி விழலாம். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைத்துக் கேளுங்கள். கேட்டு உறுதி செய்த பிறகு குழுவில் போடுங்கள், கேட்ட நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

9. முகம் தெரியாதவர் அன்பாகப் பேசினால்

சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து பரிசுப் பொதி அனுப்பியிருக்கிறேன், சுங்கத்தில் நிற்கிறது, இவ்வளவு கட்டினால் எடுக்கலாம் என்று வந்தால், அந்தப் பக்கத்தில் பொதியும் இல்லை, அந்த மனிதரும் இல்லை. வெளிநாட்டில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும் என்று டிக்டொக்கில் வந்தால், புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இல் அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள்.

படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டினால், வெட்கப்பட வேண்டியவன் அவன்தான். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மீண்டும் கேட்பான். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பெண்கள் 1938 இலும், பிள்ளைகள் என்றால் 1929 இலும் பேசுங்கள். தங்கைமாரே, வீட்டில் திட்டுவார்கள் என்று தனியாக வைத்துத் தவிக்காதீர்கள். ஒரு பெரியவரிடமாவது அன்றைக்கே சொல்லுங்கள்.

10. கப்பலேறிப் போனவர்களைத் தேடுவது

என் கடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இலங்கை, இந்தியப் பிரதமர்களுக்கிடையே 1964 ஒக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்றும் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் மீண்டும் தேயிலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். அக்கா இங்கே, தங்கை அங்கே. கடிதம் சில ஆண்டு வந்தது, பிறகு நின்றுபோனது.

பேஸ்புக்கில் பெயரைத் தட்டினால் ஆள் வந்துவிடுவார் என்று நினைத்து வருகிறார்கள். எழுபது வயதுப் பெரியம்மா தன் பெயரில் கணக்கு வைத்திருக்க மாட்டார். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பது அவருடைய பேரன், பேத்தி. அவர்களுக்கு எங்கள் பெயரும் தெரியாது, எங்கள் தோட்டமும் தெரியாது. ஆகவே பேரப்பிள்ளை பாட்டியிடம் வாசித்துக் காட்டும்போது பாட்டி நிமிர்ந்து உட்காரும்படி எழுத வேண்டும்.

எங்கள் தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயர் ஒன்றும் வாய்வழக்கில் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். போனவர்கள் நினைவில் வைத்திருப்பது தமிழ்ப் பெயரை. இரண்டையும் எழுதுங்கள். பிரிவின் பெயர், லயம், அந்தக் காலத்தில் வேலையை மேற்பார்த்த கங்காணியின் பெயர், தாத்தாவின் பெயர், இந்தியாவில் பூர்வீக ஊர், எந்த ஆண்டில் போனார்கள், பிள்ளைகளை வீட்டில் கூப்பிட்ட பெயர் ஆகியவற்றையும் எழுதுங்கள். பழைய படம் இருந்தால் சேருங்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை போன்ற ஆவணங்களின் இலக்கங்கள் தெரியும் படத்தைப் போடாதீர்கள். இந்தப் பதிவை உங்கள் பக்கத்தில் மட்டும் போட்டு வைக்காமல், நீலகிரிப் பக்கத்து ஊர்க் குழுக்களில் சேர்ந்து, அங்கே போடுங்கள்.

பதில் வந்ததும் ஓடிவிடாதீர்கள். பொதுவில் எழுதாத ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்யுங்கள். என் அம்மாயியின் (பாட்டியின்) தங்கையைத் தேடியபோது மூன்று பேர் "நாங்கள்தான்" என்றார்கள். மூவரிடமும் ஒரே கேள்வி கேட்டோம்: தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? ஒருவர் கோயில் என்றார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாவது இடத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. நடுங்கும் குரல்: "கொய்யா மரம் இருந்தது. அதில் ஏறி விழுந்துதான் அக்காவுக்குக் கை உடைந்தது."

உறுதியான பிறகு உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள். முன்னால் இருக்கும் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து அழைப்பு வராது. இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம்தான். பணப் பேச்சு எந்தப் பக்கத்திலிருந்தும் உடனே வேண்டாம்.

முதல் அழைப்பை வீடியோவில் எடுக்காதீர்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் பார்த்த முகம் திடீரென்று மாறி வந்தால் முதியவர்கள் திகைத்துவிடுகிறார்கள். குரலில் தொடங்குங்கள், குரல் அவ்வளவாக மாறுவதில்லை. எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. அம்மாயியைக் கோயில் வளைவு வரை கைபிடித்துக் கூட்டிப்போய், கல்லில் உட்காரவைத்து, போனைக் காதில் வைத்தோம். அந்தப் பக்கம் "அக்கா" என்றது. அம்மாயி போனைக் காதிலிருந்து எடுத்து, என்னைப் பார்த்து, "கை இப்போதும் மழைக்கு வலிக்கிறது என்று சொல்லவா?" என்று கேட்டார்.